முடிவுறாத வாக்கியங்கள்: ஜாய்ஸின் ‘சகோதரிகள்’ கதையில் சிறுவனின் குரல்

குழந்தை சொல்வதாக அமைந்த சிறுகதைகளைக் குறித்து நம்மிடையே ஒரு பொதுவான எண்ணம் நிலவுகிறது. குழந்தை கள்ளமற்றது, ஆகவே அதன் கண்களுக்குப் பெரியோரின் கபடம் தெளிவாகத் தெரிகிறது என்பதே அவ்வெண்ணம். இஃது எல்லாக் கதைகளுக்கும் பொருந்துமா? அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘சகோதரிகள்’ என்னும் கதையைக் கொண்டு இதனை ஆராய விரும்புகிறோம். ஒரு குருவின் மரணத்தைப் பற்றிய கதையாதலால் திருப்பணியாளராகிய நாம் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் தகும்.

1904ஆம் ஆண்டு ‘ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’ என்னும் வார இதழில் இக்கதை முதலில் வெளிவந்தது. பின்னர் ஜாய்ஸ் இதனைப் பெரிதும் திருத்தியெழுதி, 1914இல் வெளியான ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் முதற்கதையாக வைத்தார்.

கதைப்பொருள் எளியது. டப்ளின் நகரில் ஜேம்ஸ் ஃபிளின் என்னும் முதிய கத்தோலிக்க குரு மூன்றாம் முறை வாதநோயால் தாக்குண்டு இறக்கிறார். அவரிடம் இலத்தீன் உச்சரிப்பையும் வழிபாட்டுச் சடங்குகளின் பொருளையும் கற்ற சிறுவன் ஒருவன், தன் அத்தையுடன் இழவு வீட்டிற்குச் செல்கிறான். குருவின் சகோதரி எலைசா அவருடைய இறுதிக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார். கதை அத்துடன் முடிகிறது.

தொடக்கத்தில் மூன்று சொற்கள் சிறுவனின் செவியில் ஒலிக்கின்றன. முதலாவது, திமிர்வாதம். இரண்டாவது, ‘நோமன்’, ஓர் இணைகரத்தின் ஒரு மூலையிலிருந்து அதே வடிவமுள்ள சிறிய இணைகரத்தை நீக்கிய பின் எஞ்சும் உருவத்தைக் குறிக்கும் வடிவகணிதச் சொல். மூன்றாவது, ‘சைமனி’; தெய்வீக வரங்களை விலைபேசும் பாவம்; அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்துச் சீமோனின் பெயரால் வழங்குவது. 1904ஆம் ஆண்டின் வடிவத்தில் இம்மூன்றும் இல்லை. திருத்தத்தில் இவற்றைச் சேர்த்த ஆசிரியர், தம் கதையின் அமைப்பையே நமக்கு உணர்த்திவிட்டார் எனலாம். ஒரு மூலை இல்லாத உருவமே இக்கதை.

அம்மூலையை நீக்குவது எது? சிறுவனின் குரலே. குடும்ப நண்பராகிய கிழவர் காட்டர், இறந்த குருவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார். பையன் கேட்கிறானே என்ற தயக்கம் ஒருபுறம்; அவன் கேட்கவேண்டும் என்ற விருப்பம் மறுபுறம். சிறுவனோ அக்கறையற்றவன்போல உணவைத் தொடர்ந்து உண்கிறான். இரவில் அந்த அரைகுறை வாக்கியங்களுக்குப் பொருள் காண முயன்று உறக்கமிழக்கிறான். குருவின் சாம்பல்நிற முகம் தன்னிடம் பாவ அறிக்கை செய்ய முயல்வதாகவும், தான் அவருக்கு மன்னிப்பளிப்பதுபோலப் புன்னகை செய்வதாகவும் அவனுக்குத் தோன்றுகிறது. பெரியோர் சொல்லி முடிக்காததன் சுமை ஒரு பிள்ளையின்மேல் இறங்குகிறது.

மறுநாள், அம்மரணத்தினால் தான் எதிலிருந்தோ விடுதலை பெற்றதுபோன்ற உணர்வைத் தன்னுள் கண்டு அவன் எரிச்சலடைகிறான். எதிலிருந்து விடுதலை என்று அவன் கூறவில்லை. பெரியவர் ஒருவர் இக்கதையைச் சொல்லியிருப்பின் காரணங்களை அடுக்கியிருப்பார். சிறுவன் உணர்ந்ததை மட்டும் அறிவிக்கிறான்.

இழவு வீட்டில் அவன் குரல் மேலும் ஒடுங்குகிறது. ஜெபிப்பதுபோல் முழந்தாளிடுகிறான், ஆயினும் அவன் கண்கள் மற்றொரு சகோதரியின் தேய்ந்த காலணிகளின்மேல் செல்கின்றன. கொடுத்த பிஸ்கட்டுகளைக் கடித்தால் ஓசை எழுமே என்று அஞ்சி மறுத்துவிடுகிறான். அதன்பின் எலைசா பேசுகிறார்: குரு ஒருமுறை பூசைப் பாத்திரத்தை உடைத்துவிட்டார், அதில் ஒன்றுமில்லையாம், குற்றம் உடனிருந்த பையனுடையதாம். பின்னர் ஓர் இரவில், பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இருளில் அவர் தமக்குள் சிரித்துக்கொண்டு அமர்ந்திருக்கக் கண்டார்கள். கதையின் இறுதி வாக்கியமும் எலைசாவுடையதே.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். குருவின் வீழ்ச்சிக்கு இன்னொரு பையன் காரணமாக்கப்படுகிறான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இப்பையன் வாய் திறக்கவில்லை. நிகழ்ந்தவற்றைச் சொல்பவன் அவனேயாயினும், தீர்ப்புரைக்கும் இடத்தில் அவன் இல்லை. அவ்விடம் வாசகருக்கென விடப்பட்டுள்ளது.

இதனாலேயே, குரு எப்பாவம் செய்தார் என்று துப்பறிந்து முடிவுகட்டும் விளக்கங்களை நாம் ஏற்க இயலவில்லை. சைமனி என்ற சொல் சிறுவனின் செவியில் ஒலித்தது உண்மை. குரு அப்பாவத்தைச் செய்தார் என்பதற்குக் கதையில் சான்று எதுவுமில்லை. விடுபட்ட மூலையை விரைந்து நிரப்பும் வாசகர், தம்மையறியாமலே கிழவர் காட்டரின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்.

இச்சோதனை பிரசங்கிகளாகிய நமக்குச் சற்று மிகுதி. எக்கதையின் முடிவிலும் ஒரு படிப்பினையைச் சேர்த்துப் பழகியவர்கள் நாம். ஜாய்ஸின் சிறுவன் அந்த வசதியை நமக்கு அளிக்கவில்லை. தளர்ந்து வீழ்ந்த ஓர் ஊழியரைப் பற்றி நாம் எவ்வாறு பேசுகிறோம், பேசும்போது நம் வீட்டு மேசையருகே அமர்ந்து கேட்பது யார் என்னும் வினாக்களையே இக்கதை எழுப்புகிறது. கள்ளமின்மையால் உண்மையைக் கண்டுபிடிக்கும் பிள்ளை இக்கதையில் இல்லை. நம் வாக்கியங்களின் மீதியைச் சுமக்கும் பிள்ளை இருக்கிறான்.