சி.டி.யில் இல்லாத பெயர்கள்

பாட்டு சி.டி.யைக் கணினியில் போட்டதும் பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அவை சி.டி.க்குள்ளேயே இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 1982இல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டுமே உண்டு. பெயர் எழுதும் சி.டி.-டெக்ஸ்ட் வசதி 1990களில் வந்தாலும் பெரும்பாலான வெளியீடுகளில் அதைக் காண முடியாது.

அதனால் மென்பொருள் அந்தத் தொடக்க நேரங்களை, நொடிக்கு 75 கூறுகள் என்ற நுட்பத்தில் குறித்து, ஓர் அடையாள எண் உண்டாக்கி, இணையத்தில் இருக்கும் தகவல் தளத்தில் தேடுகிறது. யோசனை அபாரமானது. ஒரு பெட்டி நிறைய சி.டி. வைத்திருப்பவருக்கு வாரக்கணக்கான தட்டச்சு வேலை மிச்சம். முகம் தெரியாத யாரோ ஒரு ரசிகர் பொறுமையாக உள்ளிட்டதன் பலன் அது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் இங்கே ஒப்பிடப்படுவது நேரக் கணக்கு. இசை யாருடையது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. இத்தகைய தகவல் தளங்களில் பழையதான சி.டி.டி.பி.யின் எட்டு எழுத்து அடையாளம் இரண்டு வேறு சி.டி.க்களுக்கு ஒன்றாகவே அமைந்துவிடுவதுண்டு. மறுபதிப்பில் இடைவெளி சற்று மாறினாலோ, அதே சி.டி. புதியதாகத் தெரியும்.

நம் இசைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் படிவத்திலேயே இருக்கிறது. கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று கட்டங்களும் மேற்கத்திய பாப் இசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. திரைப்பட சி.டி.யில் கலைஞர் யார்? ஒருவர் இளையராஜா என்று எழுதுவார், இன்னொருவர் எஸ்.பி.பி., ஜானகி என்று பாட்டுக்குப் பாட்டு மாற்றுவார். ஆல்பம் கலைஞர் என்ற தனிக் கட்டத்தை நிரப்பாவிட்டால் ஒரே படம் பத்துத் துண்டாகச் சிதறிக் கிடக்கும். கர்நாடக இசையில் நிலைமை இன்னும் மோசம். ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் நான்கையும் பாட்டுப் பெயருக்குள்ளேயே திணிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பந்துவராளி என்பதை மற்றவர் காமவர்த்தினி என்பார். ஆங்கில எழுத்தில் தியாகராஜர் பெயரையே இரண்டு விதமாக எழுதுகிறோம். பிறகு தேடினால் பாதிதான் அகப்படும். வயலின், மிருதங்கக் கலைஞர்களின் பெயர்களோ பெரும்பாலும் காணாமலே போகின்றன. இதை நான் சிறு குறையாக எண்ணவில்லை. கச்சேரியில் பாதியைத் தாங்கியவர்களை வரலாற்றிலிருந்து விலக்குவது அது.

இன்னொன்றும் உண்டு. ரசிகர்கள் கூலியில்லாமல் சேர்த்த சி.டி.டி.பி. தகவல்கள் கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனத்தின் கைக்குப் போயின. 2008இல் அதை சோனி வாங்கியது. மாற்றாக எழுந்த ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. இன்று நான் நம்பிப் பரிந்துரைப்பது மியூசிக்பிரெயின்ஸ் தளத்தை. அடிப்படைத் தகவலை அது பொதுச் சொத்தாக வைத்திருக்கிறது. கீர்த்தனை வேறு, அதைப் பாடிய ஒலிப்பதிவு வேறு, அது வெளிவந்த சி.டி. வேறு என்று பிரித்துப் பதிய இடம் தருகிறது. இயற்றியவரையும் மிருதங்கக் கலைஞரையும் அவரவர் இடத்தில் குறிக்கலாம். பொறுமை வேண்டும், நம் சி.டி.க்கள் பல அதில் இன்னும் ஏறவில்லை.

ஆகவே தானாக வரும் பெயர்களை முதல் வரைவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் இருக்கும் சிறு புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அதிலும் பிழை வரும், சந்தேகம் வந்தால் பாட்டைக் கேட்டே முடிவு செய்யுங்கள். சி.டி.யைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்துவிட்டு, திருத்திய தகவலைத் தளத்திலும் ஏற்றிவிடுங்கள்.