பதிவேடும் பாட்டியின் பெயரும்

தாமஸ் குரோம்வெல் 1538ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையின்படி, இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்துவரத் தொடங்கின. அங்குக் குடும்ப வரலாற்றாய்வு, மாறாத குடும்பப் பெயரைத் துணைக்கொண்டு அவ்வேடுகளின்வழிப் பின்னோக்கிச் செல்கிறது. கேமரன் மலையில், கம்போங் ராஜா வட்டாரத் தேயிலைத் தோட்டத் தமிழர்க்கு இம்முறையை அவ்வாறே பொருத்துதல் இயலாது என்பது நம் கருத்து.

நம் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைச் சுட்டுவது, தலைமுறைதோறும் மாறுவது. தாயின் பெயர்க்கு அதில் இடமில்லை. மலேசியாவில் இந்துத் திருமணப் பதிவு சட்டப்படி கட்டாயமானதும் 1982 மார்ச்சு முதல்தான். அதற்கு முன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பாட்டிக்குத் திருமணப் பதிவு இல்லாதிருப்பது இயல்பே.

எனினும், கொழுந்து பறித்த பெண்கள் தாமே கூலி பெற்றவர்கள். பெரட்டில் பெயர் கொடுத்தவர்கள். ஆகவே, தோட்டத்துச் செக்ரோலில் அவர்கள் எவர்க்கும் மனைவியாகவன்றித் தம் பெயரிலேயே நிற்கின்றனர். வேலைநாளை எண்ணுவதற்கென எழுதப்பட்ட அவ்வேடு உறவைச் சொல்லாது. அதைச் சொல்ல வல்லவர்கள் தோட்டத்து முதியோரே. ஏட்டை அவர்கள்முன் வைத்துப் படித்தல் வேண்டும். பழங்கணக்கென அவ்வேடுகள் கழிக்கப்படுமுன், தமிழாசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டு இப்பணியைத் தொடங்குவது கடனாகும்.