காத்திருத்தலும் பிழைத்தலும்: இரு தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் விசுவாச வாழ்வு

முன்னுரை

இறைவன் அளித்த வாக்கு இன்னும் நிறைவேறாத இடைக்காலத்தில் மனிதன் எங்ஙனம் வாழ்வது என்பது கிறித்தவச் சமயத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இவ்வினாவிற்கு விவிலியம் கூறும் விடை, தமிழ் வாசகரை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொற்களின் வழியாகவே வந்தடைகிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் 1871-இல் நிறைவுசெய்த ஐக்கிய மொழிபெயர்ப்பும், கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியமும் இவ்விடையை வெவ்வேறு சொற்களால் தருகின்றன. அவ்வேறுபாடு பொருளையும் மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

நம்பிக்கை: ஒரு சொல், இரு பொருள்

கிரேக்க மூலத்தில் வரும் 'பிஸ்டிஸ்' என்பதை விசுவாசம் என்றும், 'எல்பிஸ்' என்பதை நம்பிக்கை என்றும் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு வழங்குகிறது. திருவிவிலியமோ முன்னதை நம்பிக்கை என்றும், பின்னதை எதிர்நோக்கு என்றும் பெயர்க்கிறது. ஒன்றில் வரவிருப்பதை நோக்கிய மனநிலையைக் குறித்த சொல், மற்றொன்றில் இறைவன்மீது கொண்ட பற்றுறுதியைக் குறிக்கிறது. இதனால் விளைந்த தெளிவு மறுக்கத்தக்கதன்று. எபிரேயர் நிருபம் 11:1 விசுவாசத்தை வரையறுக்குமிடத்துப் பழைய பெயர்ப்பில் வரும் 'நம்பப்படுகிறவை' என்னும் சொல்லை இன்றைய வாசகர் 'ஏற்றுக்கொள்ளப்படும் கருத்துகள்' எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்ளின் வரையறை கூறியது கூறலாகிவிடும். எதிர்நோக்கு என்னும் சொல் இக்குறையை நீக்குகிறது.

எனினும் இச்சொல்மாற்றத்தை உளங்கொள்ளாது, 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் முதலான பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களை இன்றைய வழக்கின்படி பொருள்கொள்வது பிழைபட்ட முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

ஆபகூக்கின் இரு வசனங்கள்

நீதிமானின் வாழ்வை விசுவாசத்தோடு இணைக்கும் புகழ்பெற்ற கூற்று ஆபகூக் 2:4-இல் உள்ளது. பவுல் இதனை ரோமர் 1:17, கலாத்தியர் 3:11 ஆகிய இடங்களில் எடுத்தாள்கிறார். ஆனால் இதற்கு முந்தைய வசனம், தாமதித்தாலும் காத்திரு என்னும் கட்டளையாகும். இரண்டையும் சேர்த்து எடுத்தாள்வது எபிரேயர் நிருபமே (10:37-38). அதன்பின்னரே அது விசுவாசத்தின் வரையறைக்குச் செல்கிறது. ஆகவே, இந்நிருபத்தில் விசுவாசம் என்பது காத்திருத்தலிலிருந்தே பொருள்பெறுகிறது எனலாம். எபிரேய மூலத்தின் 'எமுனா' என்னும் சொல்லும் நிலைபேறு, உறுதி என்னும் பொருள்களை உடையதாதல் ஈண்டு நோக்கத்தக்கது.

இக்கூற்றின் வினைச்சொல்லை ஐக்கிய மொழிபெயர்ப்பு 'பிழைப்பான்' என்றும், திருவிவிலியம் 'வாழ்வடைவர்' என்றும் தருகின்றன. பிழைத்தல் என்பது இடர்க்கிடையே உயிர் தரித்திருத்தல், நாள்தோறும் நிகழ்வது. வாழ்வடைதலோ பேறு ஒன்றை எய்துதல். இரண்டும் மூலத்திற்கு ஒத்தவையே. ஆயினும் அந்நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் போற்றும் முன்னோர் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே இறந்தவர்கள் (11:13, 39). ஆபிரகாம் தனக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டிலேயே அயலானாய்க் கூடாரத்தில் குடியிருந்தவன். அடையாதவரின் வாழ்வைச் சுட்டுதற்கு 'அடைதல்' என்னும் வினையைவிடப் 'பிழைத்தல்' என்பதே பொருத்தமுடையது.

இருத்தலும் காத்திருத்தலும்

ஏசாயா 40:31-இல் பழைய பெயர்ப்பு 'காத்திருக்கிறவர்கள்' என்கிறது. திருவிவிலியம் 'நம்பிக்கை வைத்திருப்பவர்' என்கிறது. எபிரேய வினைச்சொல் இரண்டிற்கும் இடந்தருவதே. ஆயின், பின்னதில் காலத்தின் சுமை மறைந்துவிடுகிறது. காத்திரு என்னும் சொல்லில் காத்தலும் உண்டு, இருத்தலும் உண்டு.

இருத்தல் முல்லையின் உரிப்பொருள் என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். தலைவன் குறித்த பருவத்தை எண்ணித் தலைவி ஆற்றியிருக்கிறாள். இல்லறக் கடமைகளைக் கைவிடுவதில்லை. ஆபகூக்கில் வரவேண்டியதாகக் கூறப்படும் காட்சி, எபிரேயர் நிருபத்தில் 'வருகிறவர்' என்னும் ஆளாக மாறியிருப்பது இவ்வொப்புமைக்கு இடமளிக்கிறது. வேறுபாடும் உண்டு. முல்லைத் தலைவிக்குக் கார்ப்பருவம் என்னும் எல்லை உண்டு. விசுவாசிக்கு நாளும் நாழிகையும் அறிவிக்கப்படவில்லை. எல்லை தெரியாத இருத்தலையே விவிலியம் விசுவாசம் என்கிறது.

முடிவுரை

திருவிவிலியத்தின் எதிர்நோக்கு என்னும் சொல் தமிழ்க் கிறித்தவச் சொல்வளத்திற்குக் கிடைத்த நற்பேறு. எனினும் வாக்கிற்கும் நிறைவேற்றத்திற்கும் இடைப்பட்ட நாள்களின் கடுமையைப் பழைய பெயர்ப்பின் காத்திருத்தலும் பிழைத்தலுமே உணர்த்துகின்றன. இனிவரும் பெயர்ப்பாளர் புதியதன் தெளிவைக் கொள்ளும்போதே இவ்விரு வினைகளையும் இழக்காதிருத்தல் வேண்டும். இவை நீங்கின், விசுவாசம் கிடைக்கப்போவதைப் பற்றிய ஓர் எண்ணமாகச் சுருங்கும். கிடைக்காத நாளிலும் வாழும் முறையாக நிலைக்காது.