சத்திமுத்தப் புலவரின் நாரையும் வலசைப் பருவமும்

தனிப்பாடல் திரட்டில் இடம்பெறும் சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதுப் பாடலைப் பழந்தமிழரின் வலசை அறிவுக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. குமரியில் நீராடி வடக்கே செல்வதாயின், தம் ஊர்க் குளத்தில் தங்கித் தம் மனைவியிடம் செய்தி சொல்லுமாறு, மதுரையில் குளிரில் வாடும் புலவர் நாரை இணையை வேண்டுகிறார். வடக்கு நோக்கிய இப்பயணமே இளவேனிற்கால மீள்வலசை எனக் கொள்ளப்படுகிறது. பாடலின் பிற குறிப்புகள் இம்முடிவுக்கு இடந்தருகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

பறவையின் உருவம் தெளிவாக அமைந்துள்ளது. சிவந்த கால்களும் பவளநிற அலகும், ஐரோப்பா, நடு ஆசியா முதலிய பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் செங்கால் நாரைக்கு உரியவை. இங்கேயே கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இவ்வண்ணம் பொருந்தாது. அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கு உவமையாகிறது. ஓட்டப்பிடாரம் போன்ற பனை வளரும் வட்டாரங்களில் வாழ்வோர், நீண்டு முனை கூம்பிய அவ்விரு பிளவுகளில் அலகின் வடிவை உடனே காண்பர்.

காலக் குறிப்புகளோ மீள்வலசைக்கு அரண் செய்யவில்லை. பனங்கிழங்கு மார்கழி, தை மாதங்களில் தோண்டப்படுவது. புலவரை மெலிவிக்கும் வாடை கூதிர், முன்பனிக் காலங்களுக்கு உரியது. மனைவி இருக்கும் வீட்டின் நனைந்த சுவர் வடகிழக்குப் பருவமழையை நினைவூட்டுகிறது. மீள்வலசை இதற்குப் பிற்பட்டது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரவியுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான் முதலிய கரைப்பறவைகளும் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில்தான் வடக்கே புறப்படுகின்றன. நாரையின் பறத்தல் முறையும் கருதத்தக்கது. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறி, சிறகை அதிகம் அசைக்காமல் மிதந்து செல்வது அதன் இயல்பு. முகில் சூழ்ந்த குளிர்நாள் அதற்கு உகந்ததன்று; வடக்கே செல்லும் பறவைக்கு வாடை எதிர்க்காற்றுமாகும்.

ஆகவே இப்பாடலை வலசைக் குறிப்பேடாகக் கொள்வது பொருந்தாது. பாடலில் வடக்கு என்பது புலவரின் வீடு உள்ள திசை; பறவையின் தாயகத்தைச் சுட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. பயணத்தைப் புலவர் உறுதியாகக் கூறாமல் நிபந்தனையாகவே வைப்பதும் இதனோடு இயைகிறது. தம்மை வருத்தும் காற்றை எதிர்த்துச் செல்லுமாறே அவர் தூதை வேண்டுகிறார். வறுமையின் அவசரம் பருவத்திற்குக் காத்திருக்கவில்லை. பறவையின் உருவத்தில் வெளிப்படுவது கூர்நோக்கு. அதன் பயணத்தில் வெளிப்படுவது ஏக்கம். சூழலியல் திறனாய்வு இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். சான்று தேடும் ஆர்வத்தில் இவ்வேறுபாடு மறைந்தால், பாடலின் துயரும் உடன் மறைந்துவிடும்.