ஜக்ளரும் மஞ்சள் ஒயரும்

அமிகா கம்ப்யூட்டரின் வரலாறை எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. 1985-ல 1,295 டாலருக்கு ஒரு மெஷின் வந்தது, ஸ்டூடியோக்களுக்குள்ள அடைஞ்சு கிடந்த கிராபிக்ஸ் வீட்டுக்கு வந்துருச்சு. இது பாதி உண்மைதான். படம் உருவாக்குவது மலிவானது. அதை வீடியோ டேப்பில் ஏற்றுவது மலிவாகவில்லை.

முறையான வழி என்ன? ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்யணும். டேப் டெக் சில நொடி பின்னால் போய், முன்னால் ஓடி வேகம் பிடித்து, சரியான இடத்தில் அந்த ஒரே ஃப்ரேமைப் பதிந்து நிற்கும். அடுத்த ஃப்ரேமுக்கு மறுபடியும் இதே கூத்து. அமெரிக்க டிவிக்கு நொடிக்கு சுமார் 30 ஃப்ரேம், ஒரு நிமிடத்துக்கு 1,800. ஒரு சுற்றுக்கு 15 நொடி என்று வைத்தால்கூட, பதிய மட்டும் ஏழரை மணி நேரம். டேப்பும் ஹெட்டும் தேய்வது தனிக் கணக்கு. இப்படி ஃப்ரேம் தவறாமல் நிற்கிற டெக்கின் விலையோ கம்ப்யூட்டரை விட அதிகம்.

எரிக் கிரஹாமின் 'ஜக்ளர்' (1986) எனக்கு இந்த இடத்தில்தான் முக்கியமாகப் படுகிறது. உருண்டைகளால் ஆன ஒரு ஆள், கட்டம் போட்ட தரையில் நின்று மூன்று கண்ணாடிப் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். மொத்தமே 24 ஃப்ரேம். ஒவ்வொன்றையும் ரெண்டர் செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஹாம் மோடில் ஒரு 320×200 படம் 48,000 பைட். 24 படம் என்றால் பதினொன்றரை லட்சம் பைட். அன்றைய வீட்டு அமிகாவின் மெமரிக்குள் இது அப்படியே அடங்காது. அதனால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமித்தார். கேமரா அசையாது, வானம் அசையாது, தரை அசையாது. அசைவதெல்லாம் கையும் பந்தும், பந்துக்குள் தெரியும் பிம்பமும். வறுமையில் செம்மைன்னா இதுதான். நம்ம கண்ணும் நேரா அந்தப் பிம்பத்துக்குத்தான் போகுது.

மெமரியிலிருந்தே நேரடியாக ஓடியதால் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பதிய வேண்டிய அவசியமே இல்லை. அமிகா கொடுத்தது டிவி சிக்னல். பின்னால் இருக்கும் வீடியோ சாக்கெட்டில் மஞ்சள் ஒயரைச் சொருகி, மறுமுனையை சாதாரண விசிஆரில் போட்டு, ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய ஒரு நொடியில் சுழற்சி முடிந்துவிடுகிறது. பத்துத் தடவை பார்த்தபின் அவன் வித்தைக்காரன் இல்லை, கடிகாரம். பந்து ஒருபோதும் கீழே விழாது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன வித்தை?

ஆனால் இன்றைக்கு இதை 4கே ஆக்கி மினுக்குவது வேறு வகைக் குறை. ஹாம் மோடில் ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததுக்கு பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் மாற்ற முடியும். அதனால் விளிம்புகளில் நிறம் பக்கவாட்டில் இழுபடும். விஎச்எஸ் டேப்பும் நிறத்தைப் பக்கவாட்டில்தான் மங்கலாக்குகிறது. ஒரு குறை இன்னொரு குறையை மூடிவிடும். கூர்மையாக்கினால் மறைந்திருந்த பிசிறுதான் வெளியே வரும்.

இதே தப்பைப் பெரிய அளவில் 'பாபிலோன் 5' டிவிடியில் பார்க்கலாம். 1993-ல் வந்த அதன் பைலட்டுக்கு விண்கலக் காட்சிகளைச் செய்தது அமிகாவும் வீடியோ டோஸ்டரும்தான். தொடரின் கிராபிக்ஸ் எல்லாமே பழைய 4:3 டிவிக்குச் செய்தவை. டிவிடியில் அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். கிராபிக்ஸ் வரும் இடமெல்லாம் மங்கிப்போனது. 2021-ல் வந்த எச்டி பதிப்பில் மறுபடி 4:3-க்கே திரும்ப வேண்டியிருந்தது.

அடுத்தவங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? போன வருஷம் நானும் ஜக்ளரின் விளிம்புப் பிசிறைத் துடைக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, ரெண்டு வார இறுதியைச் செலவழித்தேன். வந்த படம் பளிச்சென்றுதான் இருந்தது. பந்துகள் பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தன. ஸ்கிரிப்ட்டை அழித்துவிட்டு, இப்போது எமுலேட்டரில் பழைய டிவி ஃபில்டரைப் போட்டுத்தான் பார்க்கிறேன்.