வெட்டியும் விடாத பிடி

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பெயர் கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டை மருந்துக்கடைகளுக்குப் புதிதல்ல. சிறுநீர்த் தொற்று, வயிற்றுக் கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்து வாங்கிப்போகிறவர்கள் ஏராளம். அந்த மாத்திரை உடம்புக்குள் தேடிப்போய்ப் பற்றும் முக்கிய இடம் ஒன்று உண்டு: பாக்டீரியாவின் டிஎன்ஏயைத் தழுவிப் பிடித்து, அதன் முறுக்கைச் சீர்செய்யும் கைரேஸ் என்ற நொதி. மருந்தின் இலக்காக அதை அறிந்தவர்கள் பலர். அதன் வடிவழகுக்காகவே நின்று நிதானமாக அதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

காசநோய்க் கிருமியையே எடுத்துக்கொள்வோம். அதன் டிஎன்ஏயில் 44 லட்சம் கார இணைகள். நீட்டி வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். கிருமியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அதற்குள் அத்தனை நீளமும் அடங்க வேண்டும். அடங்கினால் மட்டும் போதாது, படியெடுக்கும்போது இரு புரிகளும் பிரியவும் வேண்டும். இருபுரிக் கயிறு ஒன்றின் நடுவில் விரலை விட்டுப் பிரித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். விரலுக்கு முன்னால் முறுக்கு ஏறி ஏறி, கயிறு தன் மேலேயே சுருண்டுகொள்ளும். நுனி இருந்தால் அது சுழன்று முறுக்கை விட்டுவிடும். பாக்டீரியாவின் டிஎன்ஏ பெரும்பாலும் நுனியே இல்லாத வளையம். ஈ.கோலை கிருமியில் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் படியெடுக்கப்படுகின்றன. பத்தரை இணைக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ நூறு சுற்றுகள் அவிழ்ந்தாக வேண்டும். இந்த நெருக்கடிக்கு நடுவேதான் கைரேஸ் நிற்கிறது.

அதன் முழு உருவத்தை ஒருமுறை கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ வகைப் புரதம் இரண்டு, பி வகைப் புரதம் இரண்டு. நான்கும் கூடி, வலமும் இடமும் ஒத்த ஓர் எழிலுருவம். மேலிருந்து கீழாக மூன்று வாயில்கள். மேல்வாயில் பி-யின் இரு தலைகளால் ஆனது. நடுவாயில், டிஎன்ஏ படுத்துக் கிடக்கும் இடம். கீழ்வாயில், ஏ-யின் இரு நீண்ட சுருள்கள் இறங்கி வந்து நுனியில் மெல்லத் தொட்டுக்கொள்ளும் இடம். அந்தச் சுருள்களுக்கு நடுவே டிஎன்ஏ தங்கிப்போகும் அளவுக்கு ஒரு வெளி. புரதத்தின் அழகைப் பற்றிப் பேசும்போது நிறைந்திருக்கும் பகுதிகளையே சொல்கிறோம். இங்கே அந்த வெற்றிடமும் அளந்து இழைத்த வேலைப்பாடுதான்.

ஏ புரதத்தின் வால்பகுதிக்கு வாருங்கள். ஆறு இதழ் கொண்ட ஒரு சக்கரம் அங்கே இருக்கிறது. பொரீலியா என்ற கிருமியின் கைரேஸிலிருந்து 2004-இல் இதன் வடிவம் தெளிந்தபோது, அறிவியலாளர்கள் இதற்குக் காற்றாடி என்றே பெயர் வைத்தார்கள். அதன் விளிம்பு முழுக்க நேர்மின் ஏற்றம். டிஎன்ஏயின் முதுகோ எதிர்மின் ஏற்றம். ஆகவே இழை அந்த விளிம்பில் தானே வந்து ஒட்டி வளைகிறது. நொதியைச் சுற்றி மொத்தம் ஏறத்தாழ 130 இணை நீளத்துக்கு ஒரு தழுவல். சுற்றிய இழையின் மறுபகுதி, வெட்டப்படவிருக்கும் பகுதிக்கு மேலே, சரியான கோணத்தில் குறுக்கே வந்து அமர்கிறது. எந்தத் திசையில் முறுக்கு மாற வேண்டும் என்பது இந்தத் தழுவலிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இனி நடுவாயில். என் கண் எப்போதும் வந்து தங்கும் இடம் இதுதான். இரு பக்கமும் ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் ஒவ்வொன்று இணைகளின் நடுவே நுழைய, டிஎன்ஏ கூர்மையாக வளைகிறது. வளைந்த இழையை டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு அணுகுகின்றன. காசநோய்க் கிருமியில் அவை 129-ஆம் இடத்தில் இருப்பவை. நான்கு எழுத்து இடைவெளியில் ஆளுக்கொரு புரியை வெட்டுகின்றன. உயிரின் முழு எழுத்தும் இருக்கும் இழையை இரண்டாக அறுப்பதைவிட ஆபத்தான காரியம் செல்லுக்குள் வேறென்ன இருக்கிறது? ஆனால் வெட்டிய அதே கணத்தில், வெட்டுண்ட முனையின் பாஸ்பேட்டை டைரோசின் தன்னோடே வேதிப்பிணைப்பால் கட்டிக்கொள்கிறது. முனை ஒரு கணமும் அநாதையாக விடப்படுவதில்லை. உடைந்த பிணைப்பின் ஆற்றலும் வீணாவதில்லை. புதுப் பிணைப்பில் அது பத்திரமாக இருக்கிறது. பிறகு அதையே திருப்பிச் செலவழித்து இழை ஒட்டப்படுகிறது. ஒட்டுவதற்கென்று செல்லின் எரிபொருளான ஏடிபி வேண்டியதில்லை. டைரோசினின் ஓர் ஆக்சிஜன் அணு தாங்கும் இந்தப் பொறுப்பை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஏடிபி வேண்டியிருப்பது வாயில்களை இயக்க. பி-யின் தலைகள் அதைப் பற்றியதும் மேல்வாயில் மூடுகிறது, குறுக்கே அமர்ந்த இழை உள்ளே சிக்குகிறது. நடுவாயில் திறக்கிறது. இரண்டு நானோமீட்டர் தடிமனுள்ள அந்த இழை, வெட்டிய இடைவெளி வழியே இறங்குகிறது. மேலே வெட்டு ஒட்டப்பட, கீழ்வாயில் வழியே இழை வெளியேறுகிறது. ஒரு சுழற்சிக்கு முறுக்கெண், அதாவது இரு புரிகளும் ஒன்றையொன்று சுற்றும் எண்ணிக்கை, இரண்டு குறைகிறது. ஒன்று குறைய வழியே இல்லை, இரு புரியும் சேர்ந்தே வெட்டுப்படுவதால்.

கைரேஸை 1976-இல் கண்டுபிடித்தவர்கள் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜா காசநோய்க் கிருமி வகைகளின் கைரேஸை நெடுங்காலம் ஆராய்ந்தார். இத்தகைய உருவங்கள் சரியா என்று உரசிப் பார்க்கும் உரைகல் சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் மூவரும் 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடத்தில் ஒவ்வொரு புரதத்தின் முதுகெலும்புக் கோணங்களையும் இன்றும் இட்டுப் பார்க்கிறார்கள். நம் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பெற்றுத் தந்த ரைபோசோம் உருவமும் ஒரு பாக்டீரியாவினுடையதே. கடலூர் மாவட்டத்துக்காரர் எவருக்கும் இந்தத் துறை அந்நியமல்ல என்று நான் உரிமையோடு சொல்லிக்கொள்வேன்.

இன்னும் ஒரே ஒரு நுணுக்கம். சிப்ரோஃப்ளாக்சசினின் உறவான மாக்சிஃப்ளாக்சசின் காசநோய் மருந்து. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கி இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கும் மையம் அதை நோயாளிகளிடம் சோதித்திருக்கிறது. கிருமியின் கைரேஸில் அந்த மருந்து அமர்ந்திருக்கும் கோலத்தை 2016-இல் ஜேம்ஸ் பெர்கர் குழு வெளியிட்டது. வெட்டிய இடைவெளியில், எழுத்துகளுக்கு நடுவே செருகிக்கொண்டு மருந்து படுத்திருக்கிறது. வெட்டு ஒட்டாமல் தடுப்பதே அதன் வேலை. அதன் ஓரத்தில் ஒரு மெக்னீசிய அயனி, அதைச் சூழ நான்கு நீர் மூலக்கூறுகள். மருந்துக்கும் புரதத்துக்கும் நடுவே இந்த நீர்தான் பாலம். மற்றப் பல கிருமிகளில் பாலத்தின் மறுகரையில் செரின் என்ற அமினோ அமிலம் ஒன்றும் அமிலத்தன்மையுள்ள இன்னொன்றுமாக இரண்டு பற்றுக்கோடுகள். காசநோய்க் கிருமியில் செரின் இருக்க வேண்டிய 90-ஆம் இடத்தில் ஆலனின் இருக்கிறது. நீரைப் பற்றும் ஆக்சிஜன் அதற்கு இல்லை. ஆகவே பாலத்தின் பாரம் முழுவதையும் 94-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் தாங்குகிறது. மருந்துக்கு மசியாத கிருமிகளில் அடிக்கடி மாறியிருப்பது இந்த 94 தான். பாலத்தை நம்பாமல், புரதத்தை நேரடியாகத் தொடும் ஒரு மூலக்கூறைச் செதுக்க முடியுமா என்று வேதியியலாளர்கள் தேடுகிறார்கள்.