வெளிர்வும் அடர்வும்

குயில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையை ரசிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாலடி தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். துணியில் உள்ள பூவும் புள்ளியும் மறைந்துபோகும். எது வெளிர், எது அடர் என்பது மட்டும் மிஞ்சும். அந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் அது நல்ல போர்வை. நிறப்பொருத்தம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் 'லாக் கேபின்' (மரக்கட்டைக் குடில்) கட்டத்தில் இது துலக்கமாகத் தெரியும். நடுவில் ஒரு சிறு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. வீட்டின் கணப்பு என்று அதைச் சொல்வார்கள். அதைச் சுற்றிச் சுற்றி நீளப்பட்டிகளைத் தைத்துக்கொண்டே போக வேண்டும்: அடுத்தடுத்த இரு பக்கம் வெளிர்த்துணி, மற்ற இரு பக்கம் அடர்த்துணி. தைத்து முடித்ததும் கட்டம் மூலைக்கு மூலை பிளந்து, பாதி வெயிலும் பாதி நிழலுமாக நிற்கும். அந்தக் கட்டங்களை ஒரு விதமாகத் திருப்பி அடுக்கினால் சாய்ந்தோடும் உழவுச்சால். வேறு விதமாக அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் வைரங்கள். ஒரு துண்டுத்துணிகூட மாறவில்லை. வெயில் விழும் பக்கம்தான் மாறியது.

இந்தப் பார்வை கைவர, அமெரிக்காவின் வட ஒஹாயோவில் பனிக்காலக் கொல்லைப்புறம் அருமையான பள்ளிக்கூடம். மரங்கள் இலையுதிர்த்து, தரை வெளுத்துக் கிடக்கும். ஜன்னலோரம் தைக்க உட்கார்ந்தவர் நிமிர்ந்தால் சூரியகாந்தி விதை வைத்த தட்டில் கார்டினல் வந்திருக்கும். மாநிலப் பறவையும் அதுதான். எல்லாரும் மெச்சுவது உச்சி முதல் வால் வரை சிவந்த சேவலை. எனக்குப் பெட்டையே பேரழகி. இளம்பழுப்பு உடல், கொண்டையிலும் சிறகிலும் வாலிலும் மட்டும் ஊறித் தெரியும் சிவப்பு, நடுவே பளிச்சென்ற ஆரஞ்சு அலகு. சேவலின் சிவப்பு ஒரே பார்வையில் தீர்ந்துவிடுகிறது. பெட்டையின் சிவப்பு மறுபடி பார்க்கச் சொல்கிறது. தரையில் விதை பொறுக்கும் ஜுங்கோவோ, மேலே சிலேட்டுச் சாம்பல், வயிறு வெள்ளை. இரண்டு துணியை மூட்டியதுபோல் நெஞ்சில் அத்தனை திருத்தமான எல்லை! கோடையில் மஞ்சளாக மின்னிய கோல்ட்ஃபின்ச் இப்போது மங்கிய பழுப்பில் வரும். மங்கலுக்குள் எத்தனை படி உண்டு என்பதை இவற்றைப் பார்த்தே கற்கலாம்.

அதே வட்டாரத்து ஹோம்ஸ் கவுண்டியில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்தாரின் பழைய போர்வைகளில் பூப்போட்ட துணியே கிடையாது. கறுப்பு, ஊதா, நீலம், அரக்கு என்று வெற்றுத்துணி மட்டும். அலங்காரம் முழுவதும் நூலோட்டத்தில்தான். கீழே அடித்துணி, நடுவே பஞ்சு, மேலே மூட்டிய துணி. மூன்றையும் சேர்த்து இறகு வடிவத்தில் தையல் ஓடுகிறது. அடியில் இருக்கும் கையின் விரல்நுனி, ஊசிமுனை உறுத்துவதை வைத்தே ஆழத்தை அறியும். உடனே ஊசியைச் சாய்த்து மேலே எடுப்பார்கள். இப்படி நாலைந்து தையலைக் கோத்த பிறகு ஒரே இழுப்பு. தேர்ந்த கையில் அங்குலத்துக்குப் பத்துத் தையல்கூட விழும்.

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குயில்ட்டுகளை ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கவிட்டது. அவற்றைக் கலையாக உலகம் பார்க்க அது பெரிய வழி திறந்தது. ஆனாலும் சுவரில் நேர்வெளிச்சத்தில் பார்ப்பது பாதி ரசனைதான். பனிக்காலச் சூரியன் தாழ்ந்து, ஒளி பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். தையல் பட்ட இடம் பள்ளமாகி நிழல் பிடிக்கும். படாத இடம் உப்பி ஒளி வாங்கும். ஒரே கறுப்புத்துணியில் இறகு எழுந்து வரும்.

உப்பிய இடத்தில் இருப்பது காற்று. குளிரில் சிக்கடீக் குருவி இறகைச் சிலிர்த்துப் பந்தாக உட்காருவதும் காற்றைச் சிறைபிடிக்கத்தான். பதினைந்து கிராம்கூட எடை தேறாத அந்த உயிர் உறைபனி இரவைக் கடக்க அதுவே பெரும் துணை. போர்வையிலும் பஞ்சு நகராமல் பிடித்து வைப்பது தையல். சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் அடைபட்ட காற்று. நிழலைத் தருவதும் அந்த மேடுபள்ளமே. ஒட்டுத்துணிபோல் அச்சடித்து விற்கும் விரிப்பு எனக்கு ஏன் பிடிப்பதில்லை என்பதற்கும் காரணம் இதுதான். அதில் வடிவம் மட்டும் இருக்கிறது. கையால் தைத்த போர்வையில் கதகதப்பும் அழகும் ஒரே தையலில் பிறக்கின்றன.